கட்டிலுக்கு அடியில் பதினோரு படங்கள்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூடத்துச் சுவரில் இருந்த பதினோரு போட்டோக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"தூசி தட்டப் போறேன்."

"பதினோரு படத்துக்குமா? மூணு மணிக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க, இப்பத்தான் உங்களுக்குத் தூசி கண்ணுல பட்டுதா?"

நான் அடுத்த படத்தைக் கழற்றினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.  அப்புறம் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அவள் கோபப்பட்டால் வாய் பேசாது, பாத்திரம் பேசும்.

அந்தப் படங்கள் என்ன என்று சொன்னால்தான் நான் செய்தது என்ன என்று விளங்கும்.

பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் சபை சின்னச் சபை. பன்னிரண்டு குடும்பம். யூனிட்டேரியன் சபை என்று பேர். கடவுள் ஒருவர், அவர் பிதா, அவரைத் தவிர வேறு யாரையும் கடவுள் என்று கும்பிட மாட்டோம். இயேசுநாதரை நாங்கள் நேசிக்கிறோம், அவர் சொன்னபடி நடக்கப் பார்க்கிறோம், ஆனால் அவரைக் கடவுள் என்று சொல்வதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் ஜெப வீட்டை 'ஒத்தச் சாமி கோயிலு' என்பார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை, சரியாகத்தானே சொல்கிறார்கள். மற்ற சபைக்காரர்கள் சொல்வதுதான் சுடும். 'இயேசுவை மறுதலிச்ச கூட்டம்' என்பார்கள். பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

ஜெப வீட்டு ஓடு ஒழுகும். அதனால் சபையின் படங்கள் என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருந்தன. மழைக்கு முந்தின ஒரு ஞாயிறு, ஜெப வீட்டு வாசலில் சபை முழுக்க நின்று படம் எடுப்பது வழக்கம். எல்லா வருஷமும் எடுக்க முடிந்ததில்லை, முடிந்த வருஷம் எடுத்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி போடுவோம். அதில் யாரும் உட்காரக்கூடாது. வேதப்புத்தகம் மட்டும் இருக்கும். போட்டோ எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பார்கள், "பாஸ்டர் எங்க சார், சேர் காலியா கீதே" என்று. அது காலி இல்லை, அது ஒருவருடைய இடம், அங்கே மனுஷன் உட்கார முடியாது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகப் பின்பக்க அட்டையில் எழுதி வைப்போம். அடுத்த முறை படம் எடுப்பதற்கு முன்னால் பழைய படங்கள் எல்லாவற்றையும் ஜெப வீட்டுக்குக் கொண்டு போய் அந்தப் பெயர்களை வாசிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் தன் பெயர் வந்தால் "இருக்கிறேன்" என்பார். இல்லாதவருக்கு அவர் வீட்டார் யாராவது "இருக்கிறார்" என்பார்கள். பல படத்தில் இருக்கிறவரின் பெயரைக் கடைசியாக வாசிக்கிற படத்தில் ஒரு தடவை வாசித்தால் போதும். அதுதான் எங்கள் ஜெபங்களிலேயே பெரிய ஜெபம். படத்தைக் காக்கிற வீட்டுக்காரன்தான் வாசிக்க வேண்டும். அந்த வீட்டுக்காரன் நான்.

அதைத்தான் கழற்றினேன்.

என் மகளுக்கு அப்போது இருபத்து நாலு முடிந்திருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தாள். அதற்கு முன்னால் மூன்று இடம் வந்தது. மூன்றும் 'எந்தச் சபை' என்று கேட்ட இடத்திலேயே நின்று போனது. நாலாவது இடத்தை என்கூடப் பட்டறையில் லேத் ஓட்டுகிற ஆள் கொண்டுவந்தான். பையன் டிப்ளமா படித்து அம்பத்தூரில் வேலை, அப்பா இல்லை, அம்மா மட்டும், நல்ல விசுவாசமான குடும்பம். "கிறிஸ்தவங்கன்னு சொல்லிட்டேன்பா, அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல" என்றான். நானும் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். கல்யாணம் முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜெபத்தில் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

படங்களைப் போர்வையில் சுற்றி நாடாக் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மேல் அடுக்கினேன். கட்டில் மேல் பெரிய பெட்ஷீட்டைத் தரையைத் தொடுகிற மாதிரி விரித்தேன். மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், மூன்று நாற்காலி பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டேன். கட்டிலில் யாரும் உட்கார வேண்டிய அவசியமில்லை.

சுவரைப் பார்த்தேன். படங்கள் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக வெளுத்துக் கிடந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் இயேசுநாதர் படம் போட்ட காலண்டர் ஒன்று வாங்கி வந்து பெரிய கட்டத்தில் மாட்டினேன். எங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு படம் தொங்கியது அன்றைக்குத்தான்.

மகள் தலை குளித்துவிட்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நைனா, படங்க எங்க?"

"பத்திரமா கீது."

"எங்க?"

"உனக்கு எதுக்கு இப்ப அதெல்லாம், போய் பொடவயக் கட்டு."

அவள் உள்ளே போனாள்.

மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் நாலேகாலுக்குத்தான் வந்தார்கள். அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கம் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை போடுவார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள், எங்கே போகிறாய், யாரைப் பார்க்க என்று கேட்பார்கள். அந்த ஒன்றேகால் மணி நேரமும் நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பெட்ஷீட்டின் ஓரத்தை இழுத்து விட்டேன்.

பையன், பையனின் அம்மா, அம்மாவின் அண்ணன். அந்த அண்ணன் அவர்கள் சபையில் உபதேசியார், ஊர் ஊராய்ப் போய் ஜெபம் நடத்துகிறவர். அது எனக்கு முன்னமே தெரியாது. வாசலிலேயே, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நாற்காலியைக் காட்டினேன். பையனும் உபதேசியாரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா நாற்காலியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு முட்டி வலிண்ணே. பஸ்ல வேற நின்னுகினே வந்தேன். இந்தக் கட்டில்தான் சரி."

நான் "அது ஆடும்மா" என்றேன். அதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். நல்ல கனத்த சரீரம். நாடா தொய்ந்து கீழே இறங்கியது. காதைத் தீட்டினேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

உபதேசியார் சுவரைப் பார்த்தார். "இன்னா பிரதர், செவுரெல்லாம் கட்டம் கட்டமா கீது? படம் மாட்டியிருந்தீங்களா?"

"ஆமா, வெள்ளை அடிக்கலாம்னு எறக்கி வெச்சேன்."

"எல்லாரும் வெள்ளை அடிச்சிட்டுப் பொண்ணு பார்க்கக் கூப்பிடுவாங்க. நீங்க கூப்பிட்டுட்டு அடிக்கிறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"சரி, நல்ல காரியம். ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போம்," என்றார் உபதேசியார். அவரே பண்ணுவார் என்று கண்ணை மூடினேன். "வூட்டுத் தகப்பன் நீங்கதான் பண்ணணும் பிரதர்."

ஜெபம் பண்ண எனக்குப் பயமில்லை. எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் சிறு வயதிலிருந்து ஜெபம் பண்ணித்தான் பேசக் கற்றுக்கொண்டேன். பயம் முடிவில்தான். நாங்கள் "ஒருவராகிய பிதாவே, உம்மிடத்தில் வைக்கிறோம், ஆமென்" என்று முடிப்போம். அதைச் சொன்னால் உபதேசியாருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

ஆரம்பித்தேன். வந்தவர்களின் பிரயாணத்துக்காக நன்றி சொன்னேன். பிள்ளைகள் இரண்டு பேருக்காகவும் கேட்டேன். மழைக்காகக் கேட்டேன். செம்பரம்பாக்கம் ஏரிக்காகக்கூடக் கேட்டேன். முடிக்க மனசில்லாமல் நீட்டிக்கொண்டே போனேன். கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, சமையலறை வாசலில் மகள் காப்பித் தட்டோடு நிற்கிறாள், தட்டில் டம்ளர்கள் லேசாக ஒன்றோடொன்று உரசுகின்றன.

"பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே, ஆமென்," என்றேன்.

மூன்று ஆமென் கேட்டது. மூன்றும் வந்தவர்களுடையது.

மகள் காப்பி கொடுத்தாள். உபதேசியாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. வேலை பற்றிக் கேட்டார்கள், ஆபீசுக்கு எந்த பஸ்ஸில் போகிறாள் என்று கேட்டார்கள். பையன் அதிகம் பேசவில்லை. அவளிடம், "ஷார்ட்ஹேண்டும் தெரியுமா?" என்று கேட்டான். "லோயர் வரைக்கும்" என்றாள். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்க வேண்டும். ஆனால் நான் பெட்ஷீட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தார்.

'டக்' என்று ஒரு சத்தம்.

"அய்யோ, என் முட்டி ஒடைஞ்சி போச்சின்னு நெனச்சேன்," என்று அவரே சிரித்தார். "உங்க கட்டில்தாண்ணே."

"பழைய கட்டில்மா," என்றேன். கட்டிலுக்குக் கீழே எந்தக் கண்ணாடி உடைந்தது என்று என் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

"பொண்ணோட சின்ன வயசு போட்டோ ஏதாச்சும் கீதா?" என்றார் அந்த அம்மா. "வூட்ல என் மாமியா கீறாங்க, அவங்களால வர முடியல. ஒண்ணு குடுத்தா காட்டிட்டு பத்திரமா அனுப்பிடறேன்."

"இல்லம்மா," என்றேன். "எல்லாம் போன மழையில நனைஞ்சி போச்சி."

மகள் தட்டை ஸ்டூல் மேல் வைத்தாள்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?"

"ஏம்மா?"

"கீழ ஒண்ணு எடுக்கணும்."

நான் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அந்த அம்மா எழுந்து தள்ளி நின்றார். மகள் மண்டி போட்டுப் பெட்ஷீட்டைத் தூக்கி, போர்வைச் சுருட்டை வெளியே இழுத்தாள். புதுப்புடவை தரையில் புரண்டது. போர்வையைப் பிரித்தபோது கண்ணாடித் துண்டு ஒன்று விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் படங்களைக் கட்டில் மேல் வரிசையாக வைத்தாள். உடைந்தது மேலே இருந்த படம். அவள் நாலு வயதில் காலி நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருக்கிற படம்.

"இதுதாம்மா என் சின்ன வயசு போட்டோ," என்றாள்.

 பையன்தான் எழுந்து கிட்டே வந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். பஞ்ச காலத்தில் ஜெப வீட்டு வாசலில் கஞ்சி ஊற்றுகிற படம். கிணறு வெட்டி முதல் தண்ணீர் வந்த அன்றைக்கு எல்லாரும் சேற்றோடு நிற்கிற படம். பிறகு வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிற படத்தில் நின்றான்.

"இவரு யாரு? இவரு கைய ஏன் அந்தப் பெரியவரு புடிச்சிகினு கீறாரு?"

"அவரு எங்க சபையப் பார்க்கச் சீமையிலருந்து வந்தவரு," என்றாள். "நடுவுல காலியா கீதேன்னு நாற்காலில உட்காரப் போயிட்டாரு. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வேணாம்னு சொல்லத் தெரியாம கைய இழுத்துப் புடிச்சாரு. அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் எடுத்துட்டாரு."

பையன் வாய்விட்டுச் சிரித்தான். "ஏன் உட்காரக் கூடாது?"

"அது கடவுளோட எடம். அவரு ஒருத்தர்தான். வேற யாருக்கும் அந்த எடம் கெடயாது."

உபதேசியார் மெதுவாக எழுந்தார். "அப்ப நீங்க அந்தச் சபையா?"

"ஆமாங்க."

"இப்ப உங்க அப்பா பண்ணின ஜெபம்?"

"அது உங்களுக்காகப் பண்ணினது. நாங்க அப்படி முடிக்க மாட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. காலண்டரைப் பார்த்தார், சுவரில் இருந்த கட்டங்களைப் பார்த்தார், செருப்பை மாட்ட வாசலுக்குப் போனார். அந்த அம்மா மட்டும் என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றார். "சரி, வூட்ல பேசிட்டு சொல்லி அனுப்பறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்றதை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் மகள் சோறு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். 'நைனா' என்று மட்டும் கூப்பிடவில்லை. ராத்திரி ஜெபத்துக்கு உட்கார்ந்தால் எனக்கு முடிக்க வரவில்லை. எங்கள் முடிவைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மற்றதைச் சொல்ல நாக்கு வரவில்லை. முடிக்காமலே எழுந்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் லேத்து ஆள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டிபன் பாக்ஸைத் திறக்காமலே இருந்தான்.

"சொல்லுப்பா," என்றேன்.

"அவங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. பையன் ஒரே புடிவாதமா நின்னானாம். உபதேசியாருதான் தாம் தூம்னு குதிச்சாரு, அந்தம்மா அவரக்கூடச் சரிக்கட்டிடுச்சாம்."

"அப்பறம் இன்னா?"

"உன்னத்தாம்பா புடிக்கல."

நான் என் டிபன் பாக்ஸை மூடினேன்.

"அந்தம்மா சொன்னத அப்படியே சொல்றேன், கோச்சிக்காத. 'வேற மாதிரி கும்புடறாங்கன்னா அது அவங்க நம்பிக்கை, போவட்டும். தான் கும்புடற கடவுளையே கட்டிலுக்கு அடியில தள்ளி என்னை மேல உட்கார வெச்சாரே அந்த மனுசன், நாளைக்கு எதை எதை மறைப்பாரு'ன்னு கேட்டுச்சாம். நான் இன்னா பதில் சொல்ல?"

முந்தின மூன்று இடமும் சபையால் போனது. இது என்னால் போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஒன்றையாவது மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, "சரி" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரி என்னிடம், "இப்ப அவ கிட்ட போவாதீங்க," என்றாள்.

காலண்டரைக் கழற்றிப் பக்கத்துத் தெருவில் வேறு சபைக்காரர் ஒருவர் வீட்டில் கொடுத்தேன். அவர்கள் அதை மரியாதையாக வைத்துக்கொள்வார்கள். படங்களை மறுபடி மாட்டினேன். உடைந்த கண்ணாடியை மாற்றவில்லை. மாற்றினால் அதுவும் ஒரு மறைப்பு என்று தோன்றியது.

அந்த வருஷம் படம் எடுக்கிற ஞாயிறு வந்தது. படங்களை ஜெப வீட்டுக்குத் தூக்கிப் போனேன். சபையில் மூத்தவர், எனக்கு ஒரு வகையில் மச்சான் முறை, உடைந்த படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கண்ணாடி போயிருக்குது? வுழுந்துடுச்சா?"

ஆமாம் என்றால் முடிந்தது. பன்னிரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. மகள் மூன்றாவது பாயில் இருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுழல," என்றேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சுவரை, காலண்டரை, கட்டிலை, ஜெபத்தை எப்படி முடித்தேன் என்பதை.    "வேற யாராச்சும் வாசிக்கட்டும், எனக்கு அருகதை இல்ல," என்றேன்.

மச்சான் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "பெரிய வேல செஞ்சிட்டு வேலய வுட்டு வேற ஓடப் பாக்குறியா? நீதான வாசிக்கிற ஆளு. வாசி."

வாசித்தேன். பழைய படங்களிலிருந்து ஆரம்பித்தேன். "இருக்கிறார்", "இருக்கிறார்" என்று அங்கங்கே குரல் வந்தது. வெள்ளைக்காரரின் கையைப் பிடித்தவருக்கு ஒரு முழுக் குடும்பமே குரல் கொடுத்தது. கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்த உடைந்த படத்தைத் திருப்பினேன். பின்பக்க அட்டையில் என் தகப்பனார் கையெழுத்து. இரண்டாவது வரிசையில் என் பெயர். அதை வாசித்தேன்.

'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வரவில்லை. கடவுள் முன்னால், இத்தனை பேர் முன்னால், இந்தச் சபையில் நான் இருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?  வெளியே போட்டோக்காரர் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கிறார்."

மூன்றாவது பாயிலிருந்து. என் மகள்.

எல்லாரும் திரும்பினார்கள். மச்சானுக்குத் தாங்கவில்லை. "இன்னாம்மா இது, உன் நைனா கல்லு மாதிரி எதுர்ல நிக்கிறாரு, செத்தவருக்குச் சொல்ற மாதிரி சொல்ற?"

"அவருக்குத் தொண்ட அடைச்சிகிச்சி மாமா," என்றாள் அவள். கண்ணைத் துடைத்தாளா, முகத்தைத்தான் துடைத்தாளா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "அடுத்த பேரை வாசிங்க நைனா."

அடுத்த பெயர் அவளுடையது. வாசித்தேன்.